பின்குறிப்பில் வந்த கட்டி

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் எண்ணெய் தேய்த்துவிடும்போது இடது மார்க்காம்புக்கு அடியில் சின்னதாக, கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். வலது பக்கம் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடச் சொன்னார். போட்டேன், கரையவில்லை. ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஊசி வைத்து உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் எடுத்துவிடலாம் என்றார்கள். என் சித்தி 56 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். 29சி பஸ்ஸில் அவரை அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவள் நான். அதனால் ராத்திரி தூக்கமே இல்லை. பிராய்லர் கோழி கொடுத்ததால் வந்ததா? சீக்கிரமே வயசுக்கு வந்துவிடுவாளா?

பி.கு.: எனக்கு 38 வயது. மாதவிலக்குக்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு மார்பும் கனத்து வலிக்கும். பல வருடமாக இப்படித்தான். எட்டு மாதத்துக்கு முன் வலது பக்கம் ஒரு கட்டி தெரிந்து ஸ்கேன் எடுத்தேன். ‘பைரேட்ஸ் 3, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டேன். ரிப்போர்ட் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

அன்புள்ள பெரம்பூர் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி மகளைப் பற்றி. உங்களைப் பற்றி எழுதியது கடைசியில், பின்குறிப்பு என்று போட்டு. சர்ஜரி ஓ.பி.யில் முப்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு இது பழகின விஷயம். முதுகுவலி, கால்வலி எல்லாம் சொல்லி முடித்து, சீட்டை வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் “இன்னொண்ணு டாக்டர்...” என்று திரும்பி வருவார்கள். வந்ததே அதற்காகத்தான் இருக்கும்.

எனவே நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இருப்பது கட்டியே இல்லை. அது அவளுடைய மார்பகம். இப்போதுதான் முளைவிடுகிறது. டாக்டரிடம் உடனே போக வேண்டியவர் நீங்கள்.

மகளின் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது முடிந்தால்தான் உங்களுக்கு என் பேச்சு காதில் ஏறும்.

பெண் குழந்தைகளுக்கு எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மார்பு அரும்பத் தொடங்கலாம். தொடங்கும்போது நாம் நினைக்கிற மாதிரி இரண்டு பக்கமும் மெத்தென்று மேடு தட்டாது. காம்புக்கு நேர் கீழே ஒரு தட்டையான வில்லை வரும். புளியங்கொட்டை அளவு, சில பிள்ளைகளுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு. கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் வலிக்கும், பையின் வார் உரசினாலும் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் வரும். அடுத்த பக்கம் சில மாதம் கழித்து வரும். சில பேருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். பத்து வயதுப் பெண், காம்புக்கு நேர் அடியில், ஒரே பக்கம், தொட்டால் வலி: மொட்டு எப்படி இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் உங்கள் நான்கு வரியையே வாசித்துக் காட்டலாம்.

இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது அநேகமாக இல்லவே இல்லை. உங்கள் சித்திக்கு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் அந்தக் கிளினிக்கில் சொன்ன ‘எடுத்துவிடலாம்’ என்ற வார்த்தைதான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. நாளைக்கு முழு மார்பகமாக வளரப்போகிற திசு அத்தனையும் இப்போது அந்த வில்லைக்குள்தான் இருக்கிறது. கட்டி என்று நினைத்து அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் அப்புறம் வளரவே வளராது. பல வருடம் முன் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு என்னிடம் வந்தாள். கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் சரியான வளர்ச்சி. மறு பக்கம் தட்டை, காம்புக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலத் தழும்பு. “ஒம்பது வயசுல கட்டின்னு சொல்லி எடுத்தாங்க டாக்டர்” என்றார் அம்மா. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. ‘கட்டி’ என்று ஒரு தாய் பயந்து வந்து நின்றாள், அவர்களும் அதைக் கட்டியாகவே பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண் பேசவே இல்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

எனவே ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். மனசு ஆறவில்லை என்றால் ஒரு குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கையால் பார்த்தாலே போதும், ஸ்கேன்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, காம்பில் ரத்தமோ சீழோ வந்தாலோ, காம்புக்குச் சம்பந்தமில்லாமல் தள்ளி ஓர் உருண்டை தனியாகத் தெரிந்தாலோ அப்போது தாமதிக்காமல் போங்கள். எட்டு வயதுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தால் அது வேறு விசாரணை. உங்கள் மகளுக்கு அந்தக் கேள்வி இல்லை.

அந்தப் பத்தை இன்றோடு நிறுத்துங்கள். சுண்ணாம்பு பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கிவிடும். நம் ஊர்ப் பெரியவர்களின் கை வைத்தியத்தில் பலது எனக்குப் பிடிக்கும், ஆனால் மார்பு விஷயத்தில் கையைக் கட்டிவைக்கச் சொல்வேன். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, அம்மாவின் ஹார்மோன் ரத்தத்தில் மிச்சம் இருப்பதால் மார்பு கொஞ்சம் வீங்கியிருக்கும், சொட்டுப் பால்கூட வரும். சில வாரத்தில் தானே வடிந்துவிடும். அதைக் குளிப்பாட்டும்போது ‘கெட்ட பால்’ என்று பிதுக்கி, சீழ் வைத்துத் தூக்கி வந்த பிள்ளைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதே வில்லை, அதே நஷ்டம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பச்சைக்குழந்தை இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்.

பிராய்லர் கோழி. வாரத்துக்கு இரண்டு தாய்மாராவது கேட்கும் கேள்வி. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்கள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தக் கோழி நாற்பது நாளில் வளர்வதற்குக் காரணம் வளர்ப்பு இனமும் தீவனமும்தான். பிள்ளையின் உடல் எடை கூடுதலாக இருந்தால் பருவம் சற்று முந்தும் என்பது உண்மை. அதற்குக் கோழிக் குழம்பைவிட தினமும் பாக்கெட்டில் வருகிற நொறுக்குகளைத்தான் நான் சந்தேகப்படுவேன். வயசுக்கு வருவதைப் பற்றி: மொட்டு தெரிந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிலக்கு வரும். உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது சுமாருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் இல்லை.

ஒரே ஒரு விஷயம் அவள் சார்பில் கேட்கிறேன். இந்த இரண்டு மாதத்தில் எத்தனை பேர் அவள் சட்டையை விலக்கி அழுத்திப் பார்த்தார்கள்? நீங்கள், பக்கத்து வீட்டு அக்கா, கிளினிக்... இனி யாருக்கும் காட்ட வேண்டாம். இது நோய் இல்லை, எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் தொடங்கும், இன்னொரு பக்கமும் வரும் என்று நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். ரங்கநாதன் தெருவுக்கு அவளையும் கூட்டிப்போய் மெத்தென்ற பனியன் துணி சிம்மீஸ் நான்கு அவளையே எடுக்கச் சொல்லுங்கள். வலி பாதி குறைந்துவிடும்.

இனி உங்கள் பின்குறிப்பு.

தமிழில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு பெரிது. தொடையில் வரும் சிரங்கும் கட்டி, பால் கட்டிக்கொண்டாலும் கட்டி, அக்குளில் நெறி கட்டினாலும் கட்டி, மகளின் மொட்டும் கட்டி, சித்திக்கு வந்ததும் கட்டி. ‘மார்ல கட்டி’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘நெஞ்சுல ஒரு மாதிரி’ என்று சொல்லி, இசிஜி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. இத்தனையையும் பிரித்துப் பார்க்க டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, எவ்வளவு பெரிது என்பது அல்ல. உங்கள் வயது என்ன என்பதுதான்.

ஏனென்றால் மார்பகம் ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுகிற உறுப்பு இல்லை. உள்ளே பதினைந்திலிருந்து இருபது மடல்கள். ஒவ்வொன்றும் ஒரு வேப்பம்பூங்கொத்து மாதிரி: நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளைகள், கிளை நுனியில் பால் சுரக்கும் சின்னச் சின்ன அரும்புகள். தண்டுகள் எல்லாம் காம்பில் வந்து திறக்கும். இடைவெளியை நிரப்புவது கொழுப்பு. இந்தக் கொத்து பத்து வயதில் நீளத் தொடங்கும், இருபதுகளில் அரும்பு விடும், பிள்ளை பெற்றால்தான் முழுதாகப் பூக்கும், பால் நின்றதும் சுருங்கும், மாதவிலக்கு நின்ற பிறகு கொத்து வாடி அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும். நடுவில் மாதாமாதம் ஒரு குட்டிச் சுற்று வேறு: கருமுட்டை வெளியான பிறகு ‘கர்ப்பம் வருமோ’ என்று அரும்புகள் நீர் கோத்துப் பருக்கும், வரவில்லை என்றால் வடியும்.

உங்கள் பத்து நாள் வலி அந்தக் குட்டிச் சுற்றுதான். இரண்டு பக்கமும் கனம், மேல் வெளிப்புறத்தில் மணல் மூட்டையைத் தடவினது போல நறநறப்பு, விலக்கு வந்ததும் விட்டுவிடும். புற்றுநோய் இப்படி மாதக் கணக்கு பார்த்து வந்து போகாது. பாதிப் பேருக்கு ‘இது ஒன்றும் இல்லை’ என்று தெரிந்ததுமே தாங்கும்படி ஆகிவிடுகிறது. அளவான, நன்றாகத் தாங்கிப் பிடிக்கிற பிரா போடுங்கள். தொளதொளத்துப்போனதை வலி இருக்கும் நாளிலாவது ஒதுக்குங்கள். டைக்ளோபினாக் ஜெல் தடவலாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை பலரும் எழுதிக் கொடுக்கிறார்கள்; மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாங்க முடியாதவர்களுக்கு ஆர்மிலாக்சிபீன் என்ற மருந்து உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது, அரசு ‘சாயா’ என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாகக் கொடுப்பதும் அதையேதான். விலக்கைத் தள்ளிப்போடும் குணம் உள்ளது, எனவே நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

உங்களைப் பயமுறுத்திய வலி, ஆக, சாது. நீங்கள் ‘வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன்’ என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபமே வந்தது. நம் வீடுகளில் வலிதான் நோய்க்கு அடையாளம். வலித்தால் ஓடுவோம், வலிக்காவிட்டால் பொங்கல் முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்போம். மார்பில் கணக்கு தலைகீழ். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும். தோலில் குழி விழும். உள்ளே மார்பகத்தைத் தோலோடு பிணைத்துப் பிடித்திருக்கும் நார்களை அந்தக் கட்டி இழுப்பதால் அப்படி. புதிதாகக் காம்பு உள்ளே இழுக்கும், தோல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிக்கும். இவையும்கூட வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதறாதீர்கள், உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பைரேட்ஸ் என்பது ஸ்கேனும் மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் பார்க்கிற டாக்டர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு தர எண், 0 முதல் 6 வரை. 2 என்றால் தீங்கில்லாதது. 4, 5 என்றால் திசு எடுத்தே ஆக வேண்டும். 3 என்பது நடுவில் நிற்கும் எண்: பெரும்பாலும் தீங்கில்லாதது, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆனால் அப்படியே இருக்கிறதா என்று ஆறு மாதத்தில் பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதம் சேர்ந்ததுதான் 3. அதைப் பார்க்காமல் விட்டால் உங்கள் கையில் இருப்பது பாதி ரிப்போர்ட்.

உங்களுக்கு இருப்பது பைப்ரோஅடினோமா என்ற தீங்கில்லாத கட்டியாக இருக்கவே அதிக வாய்ப்பு. கோலிக்குண்டு மாதிரி உருண்டு, விரலுக்கு அடியில் நழுவி ஓடும். ஆங்கிலத்தில் ‘மார்பு எலி’ என்றே அதற்குச் செல்லப்பெயர். இருபது வயதுப் பெண்ணுக்கு இருந்தால் அளந்து வைத்துக்கொண்டு சும்மா விடுவோம், பல கட்டிகள் தானே சுருங்கும். ஆனால் 38 வயதில் புதிதாகத் தெரிந்த கட்டியை, நழுவினாலும் சரி, ஊசித் திசு எடுத்து உறுதிசெய்துகொள்வதே என் வழக்கம். அதே கட்டி, வேறு வயது, வேறு முடிவு. சீக்கிரம் வளர்ந்திருந்தால் பில்லாய்ட்ஸ் என்ற இன்னொரு வகையையும் மனதில் வைக்க வேண்டும். அதைத் திசு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஊசி வைத்தால் பரவிவிடும், கத்தி பட்டால் கிளம்பிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பரவாது. என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும், எனவே சொல்கிறேன். மரத்துப்போக ஒரு ஊசி. அதுதான் சுருக்கென்று இருக்கும். ஸ்கேன் திரையில் கட்டியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியை உள்ளே கொண்டுபோய் விசையைத் தட்டுவார்கள். ஸ்டேப்ளர் அடித்தது போல ‘டக்’ என்று சத்தம். சத்தம்தான் திடுக்கிட வைக்கும், வலி இருக்காது. வெளியே வருவது சேமியாத் துண்டு மாதிரி ஒரு வெள்ளை இழை. நான்கைந்து துண்டு எடுத்துச் சின்ன பாட்டிலில் பார்மலினில் போடுவார்கள். வெறும் கொழுப்பு என்றால் மிதக்கும், கட்டியின் திசு என்றால் அடியில் போய் உட்காரும். அதைப் பார்த்துத்தான் சரியான இடத்தில் எடுத்தோமா என்று நாங்களே தெரிந்துகொள்வோம். ஒரு பிளாஸ்திரி, அரை மணி நேரம் அழுத்திப் பிடித்து உட்கார்ந்தால் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். அன்றைக்கு ஒரு நாள் ஓட்டலில் வாங்கச் சொன்னாலும் தப்பில்லை.

சித்தி விஷயம். அம்மாவின் தங்கை ஒருவருக்கு மட்டும், அதுவும் 56 வயதில் வந்தது என்றால் உங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். ஆனால் அம்மாவையும் அத்தைகளையும் உட்கார வைத்து ஒருமுறை கேளுங்கள்: வேறு யாருக்காவது ஐம்பது வயதுக்குள் மார்பிலோ, எந்த வயதிலாவது சினைப்பையிலோ வந்ததா? அப்பா வழியையும் கேளுங்கள், அந்த மரபணு அப்பா வழியாகவும் வரும். யாராவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடையாறு என்ற ஊர்ப்பெயரையே நம்மில் பலர் நோயின் பெயராக்கி வைத்திருக்கிறோம். ‘அடையாறுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்றால் வீடே அழ ஆரம்பிக்கும். தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டு போராடி 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. எத்தனையோ பேர் பிழைத்து அதே 29சியில் வீடு திரும்பி, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிறார்கள். அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

நீங்கள் இப்போது அடையாறுக்கும் போக வேண்டாம். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லியோ கீழ்ப்பாக்கமோ எது வசதியோ அந்த அரசு ஆஸ்பத்திரியில் காலையில் சர்ஜரி ஓ.பி.க்குப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். ‘நெஞ்சு’ என்று சொல்லாமல் ‘மார்பில் கட்டி, எட்டு மாதமாக இருக்கிறது’ என்று சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். மாமோகிராமும் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், சில நொடிதான். விலக்கு முடிந்த வாரத்தில் போனால் அந்த அழுத்தம் அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்கு அக்குளில் பவுடர் போடாதீர்கள். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து, ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள். கணவரிடம் சொல்லத் தயக்கம் என்றால் அம்மாவிடம் சொல்லுங்கள். தங்கையைப் பார்த்துக்கொண்டவர், உங்களோடு வரிசையில் நிற்க அவரைவிடத் தெரிந்தவர் யார்?

பழைய ரிப்போர்ட்டை மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு எவ்வளவு அளவு இருந்தது என்று அது இருந்தால்தான் இன்று ஒப்பிட முடியும். பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.